திரும்ப அழைக்கப்படும் கார்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு வீட்டு வாசலில் கார் நிற்கும். வாங்க வந்தவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். கதவைத் திறந்து மூடி ஓசையைக் கேட்பார். டயரின் பள்ளத்தில் நகத்தை விட்டு ஆழம் பார்ப்பார். கூட வந்த மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பார். ஓடிய கிலோமீட்டர் என்று முள்பலகை காட்டும் எண்ணை நம்பலாமா, கூடாதா என்று சிறு விவாதம் நடக்கும். அப்புறம் பேரம்.

இவை எல்லாம் தேவையான சோதனைகளே. ஆனால் இவற்றில் எதற்கும் அகப்படாத ஒரு வகைக் குறை உண்டு. அது ஓட்டியவரால் வந்ததன்று, தேய்மானத்தால் வந்ததுமன்று. கார் பிறக்கும்போதே கூடப் பிறந்தது. சில சமயம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தயாரித்த நிறுவனத்துக்கே அது தெரிய வரும். அப்போது நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிடும்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செய்யப்பட்ட வண்டிகளைக் கொண்டு வாருங்கள், இன்ன உறுப்பைச் சோதித்து, தேவையானால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. இதைத்தான் 'ரீகால்', அதாவது திரும்ப அழைத்தல், என்கிறார்கள்.

நமக்கு மிக அருகிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால் மறைமலைநகர் நிலையம் வரும். அங்கேதான் ஃபோர்டு நிறுவனத்தின் தொழிற்சாலை. 2010ஆம் ஆண்டில் அங்கிருந்து 'ஃபிகோ' என்ற சிறிய கார் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வாங்கின. 2012 ஜூலையில் ஃபிகோ, கிளாசிக் ஆகிய இரு வகைகளிலும் சேர்த்து 1,28,655 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. 2013 செப்டம்பரில் மறுபடியும் ஓர் அழைப்பு; இம்முறை 1,66,021 கார்கள். அதுவரை இந்தியாவில் நடந்த மிகப் பெரிய திரும்ப அழைப்புகளில் அதுவும் ஒன்று. இரண்டு முறையும் சந்தேகத்துக்கு உள்ளான உறுப்புகள் இரண்டு: காரின் பின்புறம் இருக்கும் 'ட்விஸ்ட் பீம்' என்னும் அச்சுச் சட்டம் ஒன்று, பவர் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் கொண்டு போகும் குழாய் மற்றொன்று. 2017இல் அந்த உயர் அழுத்தக் குழாய்க்காகவே இன்னும் 39,315 பழைய கார்கள் அழைக்கப்பட்டன.

இரும்புச் சட்டம் ஒன்று, ரப்பர்க் குழாய் ஒன்று. இவற்றுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முறுக்கிக் கொண்டே வாழும் சட்டம்

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். துணிக்கடையிலோ காகிதக் கடையிலோ கிடைக்கும் அட்டைக் குழாய் இரண்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றொன்றை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகக் கத்தரித்துப் பிளந்து விடுங்கள். இப்போது ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல் முறுக்குங்கள். முழுக்குழாய் அசைந்து கொடுக்காது. பிளந்த குழாயோ சுலபமாக முறுகும். வியப்பு என்னவென்றால், இரண்டிலும் அட்டையின் அளவு ஒன்றேதான். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்து காட்டும்போது மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. குழாயின் ஆரம் அதன் தடிப்பைப் போல் 20 மடங்கு என்று வைத்துக் கொண்டால், ஒரே ஒரு பிளவினால் முறுக்குக்கு அது காட்டும் எதிர்ப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி விடும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் வளைப்பதற்கு எதிராகப் பிளந்த குழாய் ஓரளவு விறைப்பாகவே நிற்கும்.

சிறிய கார்களின் பின் அச்சுச் சட்டம் இந்தப் பிளந்த குழாய்தான். இரு பின் சக்கரங்களையும் இரண்டு கைகள் தாங்குகின்றன. அந்தக் கைகளைக் குறுக்கே இணைப்பது, ஒரு பக்கம் திறந்த, 'ப' போன்ற வெட்டுத் தோற்றமுள்ள எஃகுச் சட்டம். வேகத்தடையின் மேல் ஏறும்போது இரு சக்கரங்களும் சேர்ந்து எழும்புகின்றன. சட்டத்துக்கு முறுக்கு இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் என்ன ஆகும்? ஒரு கை தாழ, மறு கை தாழாமல் இருக்க, நடுவிலுள்ள சட்டம் முறுகும். அது முறுகிக் கொடுப்பதால்தான் மறு பக்கத்துச் சக்கரம் தரையை விடாமல் இருக்கிறது. ஆக, முறுகுவதே இந்தச் சட்டத்தின் வேலை. மலிவு, இலேசு, இடமும் அடைக்காது. சிறிய கார் செய்கிறவர்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் முறுகி முறுகி நிமிரும் உலோகத்துக்கு ஒரு நோய் உண்டு. ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துக் கொண்டே இருங்கள். ஒரு முறை வளைத்தால் ஒடியாத கம்பி, பத்து இருபது முறைக்குள் ஒடிந்து விடும். இதுவே உலோகச் சோர்வு. கிளிப்பை நாம் அதன் மீட்சி எல்லையைத் தாண்டி வளைத்ததால் சீக்கிரம் ஒடிந்தது. எல்லைக்குள்ளேயே நின்றாலும், தடவைகள் லட்சக்கணக்கில் ஏறினால் விரிசல் விழக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய ரயில்வே பொறியியலர் ஆகஸ்ட் வோலர், வண்டி அச்சுகள் ஏன் திடீரென்று ஒடிகின்றன என்று ஆராய்ந்து இதைத் தெளிவாக்கினார்.

நம் காருக்கு எத்தனை தடவை என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். சென்னைச் சாலையில் 50 மீட்டருக்கு ஒரு மேடோ பள்ளமோ இருப்பதாக வைத்துக் கொள்வோம். மழைக்குப் பிந்திய மாதங்களில் இது மிகவும் தாராளமான அனுமானம் என்று உங்களில் பலர் சொல்வீர்கள்! கார் 50,000 கிலோமீட்டர் ஓடினால், அதாவது 5 கோடி மீட்டர் ஓடினால், சட்டம் 10 லட்சம் முறை முறுகி நிமிர்ந்திருக்கும்.

விரிசல் எங்கே தொடங்கும்? இதற்குத் தியாகராய நகர்த் துணிக்கடைக்காரரைக் கேட்க வேண்டும். இரண்டு மீட்டர் துணியைக் கிழிக்க அவர் முழு நீளத்துக்கும் கத்தரி போடுவதில்லை. ஓரத்தில் சிறிய வெட்டு ஒன்று போடுகிறார், பிறகு இரு கையாலும் இழுக்கிறார், 'சர்'ரென்று கிழிகிறது. இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் குவிவதே காரணம். எஃகுச் சட்டத்தில் இந்த வெட்டின் இடத்தை வகிப்பவை வெல்டிங் செய்த மூலைகள், உருக்கில் கலந்து போன சிறு மாசுகள், அச்சில் அழுத்தியபோது விழுந்த கீறல்கள். நல்ல வடிவமைப்பாளர் இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்துத்தான் தடிப்பைத் தீர்மானிக்கிறார். ஆனால் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் வந்த உருக்குத் தகட்டிலோ ஒரு வெல்டிங் எந்திரத்திலோ சிறிது பிசகினால், அந்த மாதத்தில் செய்த ஆயிரக்கணக்கான சட்டங்களிலும் அந்தப் பிசகு ஏறி விடும். வெளியே வண்ணப் பூச்சுப் பளபளவென்று இருக்கும். வாசலில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

எல்.ஐ.சி. கட்டடம் பதினைந்து

அடுத்தது குழாய். அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். உயரம் 177 அடி, அதாவது ஏறத்தாழ 54 மீட்டர். அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி வைத்து, கீழே ஒரு குழாயைத் திறந்தால் அங்கே நீரழுத்தம் எவ்வளவு? 10 மீட்டர் நீர்த் தூணுக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது உங்கள் பாடத்தில் வரும் செய்தி. ஆகவே 5 வளிமண்டலத்துக்குச் சற்று மேல்.

பாண்டி பஜாரில் இரண்டு கார்களுக்கு நடுவே வண்டியை நுழைக்க ஓட்டுநர் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கிறார். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள சிறிய கார்களில், அந்த நொடியில் குழாய்க்குள் எண்ணெயின் அழுத்தம் 80 வளிமண்டலம் அளவுக்குப் போகக் கூடும். எல்.ஐ.சி. கட்டடங்கள் பதினைந்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் தொட்டி வைத்தால் கிடைக்கும் அழுத்தம்! பாஸ்கல் விதிப்படி இந்த அழுத்தம் ஒரு பிஸ்டனின் பரப்பு முழுவதையும் தள்ளுகிறது. அதனால்தான் ஒரு டன் எடையுள்ள காரின் முன் சக்கரங்களை நின்ற நிலையில் ஒரு விரலால் திருப்ப முடிகிறது.

இத்தனையையும் தாங்குவது பெருவிரல் தடிமனுள்ள ரப்பர்க் குழாய். உள்ளே ரப்பர், அதைச் சுற்றி இறுக்கமாகப் பின்னிய நூல், வெளியே மறுபடியும் ரப்பர். சுமப்பது பெரும்பாலும் பின்னல்தான்; ரப்பர் கசிவைத் தடுக்கிறது. இது இருக்கும் இடமோ எஞ்சினுக்கு அருகில். வெப்பத்தால் ரப்பர் கடினமாகிறது. ஒரு பொதுவான தோராய விதி சொல்வார்கள்: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதி வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். 30 டிகிரியில் கிடக்கும் ரப்பரைவிட 60 டிகிரியில் கிடக்கும் ரப்பர் எட்டு மடங்கு வேகத்தில் கிழடாகிறது என்று பொருள். சென்னை வெயிலில் நாளெல்லாம் நிற்கும் காருக்கு இது கிண்டியில் ஒரு நாள், குன்னூரில் ஒரு நாள் என்ற வேறுபாடு.

குழாய் கசிந்தால் முதலில் ஸ்டியரிங் கனக்கும். திருப்பத்தில் எதிர்பாராமல் கனத்தால் ஆபத்து. வெளியேறும் எண்ணெய் சூடேறிய புகைக் குழாயின் மேல் சொட்டினால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

தேய்மானமும் பிறவிக் குறையும்

'என் கார் நன்றாகத்தானே ஓடுகிறது, நான் ஏன் போக வேண்டும்?' என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடை எண்களில் இருக்கிறது.

பிரேக் கட்டை தேய்வது, பாட்டரி செத்துப் போவது, கிளட்ச் வழுக்குவது எல்லாம் ஒவ்வொரு காருக்கும் தனித்தனிக் கதை. ஓட்டுபவர் கையைப் பொறுத்தது. முன்னறிவிப்பும் உண்டு: கிறீச்சிடும், இழுக்காது, காலையில் முக்கும். பிறவிக் குறை அப்படியன்று. அதற்கு ஒரே மூலம். பாதிக்கப்படுவது ஒரு கூட்டம் முழுவதும். அந்தக் கூட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு காருக்குத்தான் உறுப்பு உடையும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்ளுங்கள். தனி மனிதர் அந்த வாய்ப்பைச் சிரித்து ஒதுக்கி விடலாம். 1,66,021 கார்களை விற்ற நிறுவனத்துக்கோ அது பதினாறு பதினேழு விபத்து. யாருடைய கார் என்பதுதான் தெரியாது. நடக்கும் என்பது ஏறக்குறைய உறுதி. ஆகவேதான் எல்லாரையும் அழைக்க வேண்டியிருக்கிறது.

இதை நிறுவனத்தின் மானக்கேடாகக் கருதுவது சரியன்று என்பது என் எண்ணம். குறையே இல்லாமல் இருபதாயிரம் உறுப்புகளை இணைத்து லட்சக்கணக்கில் பொருள் செய்வது எவராலும் ஆகாத காரியம். அழைக்கிற நிறுவனத்தைவிட, தெரிந்தும் அழைக்காத நிறுவனமே அஞ்சத் தக்கது. அமெரிக்காவில் 1970களில் 'பின்டோ' என்ற சிறிய கார், பின்னால் மோதினால் பெட்ரோல் தொட்டி பிளந்து தீப்பற்றுவதாகப் பெரும் வழக்குகள் நடந்து, 1978இல் சுமார் 15 லட்சம் கார்கள் அழைக்கப்பட்டன. அதற்குள் உயிர்கள் போயிருந்தன.

காப்பாற்ற வந்த பை

பிறவிக் குறைகளில் மிகவும் கொடியது, காப்பதற்கென்றே வைத்த உறுப்பில் வந்தது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைதான் அது.

மோதல் நிகழ்ந்ததும் 30 மில்லி செகண்டுக்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள், பை விரிய வேண்டும். இதற்கு எந்தப் பம்பும் போதாது. ஓர் உலோகக் கிண்ணத்துக்குள் வேதிப் பொருள் வில்லைகளை வைத்து எரித்து வாயு உண்டாக்குகிறார்கள். டகாட்டா 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. விலை குறைவு, கழிவும் குறைவு. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தைச் சிதறடித்தது இதே பொருள்தான். அதைக் கேள்விப்பட்டதும் சென்னை மணலியில் 2015 முதல் தேங்கிக் கிடந்த 690 டன்னுக்கும் மேற்பட்ட அம்மோனியம் நைட்ரேட்டை அவசர அவசரமாக அப்புறப்படுத்தினார்கள்.

இந்தப் பொருளுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, உப்பு மழைக்காலத்தில் நீர்விடுவது போலக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மற்றொன்று, 32 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் படிக அமைப்பு மாறும். அதோடு கன அளவும் மாறும். 32 டிகிரி! சென்னையில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பகலில் அதைத் தாண்டுகிறோம், இரவில் கீழே இறங்குகிறோம். டகாட்டாவின் வேதியியலர்களுக்கு இது தெரியாமலில்லை. படிக மாற்றத்தைத் தடுக்க வேறு உப்பைக் கலந்தார்கள். ஆனாலும் ஈரமும், சூடேறித் தணியும் ஏற்ற இறக்கமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தபோது வில்லைகள் நுண்துளை விட்டன, பொடிந்தன.

பொடிந்தால் என்ன? கரிக்கட்டையைப் பற்ற வைத்தால் நிதானமாக எரியும். அதே கரியைப் பொடியாக்கி நெருப்பில் தூவினால் குப்பென்று எரியும். எரிதல் பரப்பில் நடப்பது. பொடியில் பரப்பு மிகுதி. வில்லை நிதானமாக வாயு தருவதற்குப் பதிலாக ஒரே கணத்தில் தந்ததும், அழுத்தம் தாங்காமல் உலோகக் கிண்ணமே வெடித்தது. அதன் சில்லுகள் பையைக் கிழித்துக் கொண்டு ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. உலகெங்கும் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 10 கோடி கிண்ணங்களை மாற்ற வேண்டியதாயிற்று. 2017 ஜூனில் டகாட்டா திவாலானது.

இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் ஜாஸ், சிட்டி முதலிய கார்களைப் பல தவணைகளில் அழைத்தது; 2018 ஜனவரியில் மட்டும் 2013இல் செய்யப்பட்ட 22,834 கார்கள். அமெரிக்க அரசு தன் நாட்டைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, ஃபுளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிக்க கரையோர மாநிலங்களுக்கு முதலிடம் தந்து மாற்றச் சொன்னது. அந்தப் பட்டியலை நம் நாட்டுக்குப் போட்டால் சென்னை எந்த மண்டலத்தில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய ஜாஸ் ஒன்றை அடையாறில் மலிவாகத் தருகிறார்கள் என்றால், முதலில் கேட்க வேண்டியது மைலேஜ் அன்று.

பெட்ரோல் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சிறு மின்மோட்டார் ஒரு பிளாஸ்டிக் சுழலியைச் சுற்றிப் பெட்ரோலைத் தள்ளுகிறது. சுழலியில் குறை இருந்தால் பம்பு நாளடைவில் நின்று, ஓடும் வண்டியே நின்று விடலாம். ஹோண்டா 2020 ஜூனில் இதற்காக 65,651 கார்களை அழைத்தது. அடுத்த மாதமே மாருதி சுசுகி பெட்ரோல் பம்புக்காக வேகன் ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 கார்களை அழைத்தது.

மூன்று கரண்டித் தண்ணீர்

சென்னையில் பழைய கார் என்றால் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. அவற்றில் பல துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டுக் கைமாறின.

தண்ணீர் எஞ்சினை எப்படிக் கெடுக்கிறது? 1,200 கன சென்டிமீட்டர் எஞ்சினில் நான்கு உருளைகள், ஒன்றுக்கு 300. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்போம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 300ஐ 9ஆல் வகுத்தால் வருவது. ஏறத்தாழ 33 கன சென்டிமீட்டர். இருமல் மருந்துக்குத் தரும் 10 மில்லி அளவு மூடியால் மூன்று மூடிக்குச் சற்று மேல். இதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் காற்று வடிகட்டி வழியே உள்ளே போய் விட்டால்? காற்றும் பெட்ரோல் ஆவியும் அமுங்கும். தண்ணீர் அமுங்காது, 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் அரை சதவீதம் அளவுக்குத்தான் சுருங்கும். மேலே வரும் பிஸ்டன் கற்சுவரில் மோதியது போல் நிற்கும். பின்னாலிருந்து சுழல் அச்சு தள்ளும். நடுவில் அகப்பட்ட இணைப்புத் தண்டு வளையும், அல்லது ஒடியும். துரைசாமி சுரங்கப் பாதையில் நீர் தேங்கி நிற்கும்போது வண்டி நின்று விட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

மூழ்கிய காரைக் கண்டுபிடிக்க ஒரு வழி: இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றுவதில்லை. சேற்றுக் கறை அங்கே ஒரு கோடாக நிற்கும். இருக்கையின் அடியிலுள்ள தண்டவாளத்திலும் மறைகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கத்துக் கார் என்றால் கடற்காற்றின் உப்பு கதவின் அடிவிளிம்பை அரித்திருக்கும். அது வேறு துரு, வெளியிலிருந்து வருவது. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

தண்ணீரும் திரும்ப அழைப்பும் ஒன்றாக வந்த நிகழ்ச்சியும் உண்டு. 2021 செப்டம்பரில் மாருதி சுசுகி, சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா முதலிய பெட்ரோல் வண்டிகள் 1,81,754ஐ ஒரு மின்னாக்கி உறுப்புக்காக அழைத்தது. உறுப்பு மாற்றும்வரை நீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம் என்றும் கேட்டுக் கொண்டது. மாற்றும் பணி தொடங்குவதாக அறிவித்தது நவம்பர் முதல் வாரம். நவம்பர் 6, 7 தேதிகளில் சென்னையில் ஒரே இரவில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தியாகராய நகர்த் தெருக்கள் குளமாயின!

கடிதம் யாருக்குப் போகும்?

இந்தியாவில் 2012 ஜூலையில் மோட்டார் வாகன உற்பத்தியாளர் சங்கமான 'சியாம்' தானே முன்வந்து திரும்ப அழைக்கும் நெறிமுறை ஒன்றை வகுத்தது. ஃபிகோவின் முதல் அழைப்பும் அந்த மாதத்தில்தான். சட்டம் வந்தது பின்னர். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அரசே ஒரு நிறுவனத்தைத் திரும்ப அழைக்கும்படி ஆணையிடலாம். 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் இந்த விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே. பழைய கார்ச் சந்தையில் ஏழு ஆண்டு ஒரு வயதா? டகாட்டாவின் வில்லைகள் பொடியத் தொடங்கியதே ஏறக்குறைய அந்த வயதுக்குப் பிறகுதான். இந்த வரம்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு சிக்கல். நிறுவனத்தின் ஏட்டில் இருப்பது காரை முதலில் வாங்கியவரின் முகவரி. அவர் மயிலாப்பூரை விட்டுப் பெங்களூர் போயிருப்பார். கார் இரண்டு கை மாறி அடையாறில் நிற்கும். கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும். எங்கள் தெருவில் ஒருவர் எட்டு வயதுக் கார் ஒன்றை வாங்கினார். நன்றாகவே ஓடியது. ஒரு நாள் எண்ணைக் கொடுத்து விசாரித்தபோது, முதல் உரிமையாளர் காலத்திலேயே செய்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள் செய்யப்படாமல் நிலுவையில் இருப்பது தெரிந்தது. ஒரு காசும் வாங்காமல் செய்து கொடுத்தார்கள். ஃபோர்டைப் போன்ற நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் காரை வெளியேற்றிய பிறகும், பழைய ஃபிகோக்கள் சாலையில் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இப்போது பெரும்பாலும் வைத்திருப்பவருடையதே.

அவர் கொடுத்தேன் என்ற அந்த எண் எது? நம்பர் பலகையிலுள்ள எண் அன்று. ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட சேசிஸ் எண் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், எஞ்சின் அறையிலோ ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலோ உலோகத்திலேயே பொறித்திருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. ஒன்று, பூஜ்யம் என்று தவறாகப் படித்து விடக் கூடாதே என்பதற்காக. முதல் மூன்று இடங்கள் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும். 'எம்.ஏ.ஜே.' என்றால் இந்திய ஃபோர்டு, 'எம்.ஏ.3' என்றால் மாருதி சுசுகி, 'எம்.ஏ.எல்.' என்றால் நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். கடைசி இலக்கங்கள் அந்த ஒரு காருக்கே உரிய வரிசை எண். எந்தக் கூட்டத்தில் பிறந்த கார் என்பது இதிலிருந்து நிறுவனத்துக்கு விளங்கி விடும்.

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி அந்த 17ஐயும் ஒரு தாளில் எழுதுங்கள். உலோகத்தில் பொறித்ததோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப் போகவில்லை என்றால் அது வேறு விவகாரம், பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். ஒத்துப் போனால் நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் நிலையத்திலோ அந்த எண்ணைக் கொடுத்து, 'இந்த வண்டிக்கு ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா?' என்று கேளுங்கள். உண்டு, இல்லை என்ற பதில் சில நிமிடங்களில் கிடைத்து விடும்.